லாலிபெலா போறீங்களா? பாறையைக் குடைஞ்ச சர்ச்சுகளை அவசரப்படாம பாக்க ஒரு முழு வழிகாட்டி

எத்தியோப்பியாவோட வடக்கு மலையில, கடல் மட்டத்துக்கு சுமார் 2,500 மீட்டர் உசரத்துல இருக்கற சின்ன ஊர் லாலிபெலா. ஊட்டியை விட கொஞ்சம் உசரம். இங்க மலைப்பாறையைக் குடைஞ்சு செஞ்ச 11 சர்ச் இருக்கு, எதுவுமே கல்லு மேல கல்லு வச்சு கட்டுனது கிடையாது, பெரும்பாலும் நம்ம நிக்கற தரைமட்டத்துல ஆரம்பிச்சு கீழ நோக்கி வெட்டிக்கிட்டே போய் கூரை, ஜன்னல், தூண், வாசல்னு ஒவ்வொண்ணா வெளிய எடுத்திருக்காங்க. 1978ல யுனெஸ்கோ முதன்முதலா உலகப் பாரம்பரிய இடங்கள்னு 12 இடத்தை அறிவிச்சப்பவே இதுவும் அதுல ஒண்ணு.

நிறைய பேர் காலை ஃபிளைட்ல வந்து ஒரே நாள்ல பதினொண்ணையும் ஓடி ஓடி பாத்துட்டு மறுநாள் கிளம்பிடறாங்க. தயவு செஞ்சு அப்படி பண்ணாதீங்க. இது சுமார் 800 வருஷமா பூசை நடந்துகிட்டு இருக்கற இடம், விடியக்காலையில வெள்ளைத் துணி போத்திக்கிட்டு ஊர் ஜனங்க வந்து சுவருல நெத்தியை வச்சு நிக்கறதைப் பாக்காம வந்தா நீங்க பாத்தது வெறும் பாறைதான். அதனால குறைஞ்சது ரெண்டு ராத்திரி, முடிஞ்சா மூணு ராத்திரி தங்கற மாதிரி பிளான் பண்ணுங்க, கீழ சொல்லியிருக்கற வரிசை எல்லாமே அதுக்காக போட்டதுதான்.

முதல்ல: இப்ப போகலாமா கூடாதா

டிக்கெட் போடறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியது இது. லாலிபெலா இருக்கறது அம்ஹாரா மாநிலத்துல. 2020 நவம்பர்ல அரசுக்கும் பக்கத்து திக்ரே மாநிலப் படைக்கும் ஆரம்பிச்ச திக்ரே போர்ல இந்த ஊர் 2021ல பல தடவை கை மாறுச்சு, அந்த சமயம் டூரிசம் மொத்தமா நின்னு போய் கைடு, டிரைவர், ஹோட்டல்ல வேலை பாக்கறவங்க எல்லாம் வருமானமே இல்லாம கஷ்டப்பட்டாங்க. 2022 நவம்பர்ல அந்தப் போருக்கு ஒப்பந்தம் ஆச்சு, ஆனா 2023ல இருந்து அம்ஹாராவுல அரசுப் படைக்கும் ஃபானோங்கற உள்ளூர் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை ஆரம்பிச்சுது. ஒரு மாசம் அமைதியா இருக்கும், அடுத்த மாசம் ரோடு அடைச்சிருப்பாங்க.

அதனால உங்க நாட்டு வெளியுறவுத்துறை அறிவிப்பு என்ன சொல்லுதுன்னு பாருங்க, அடிஸ் அபாபாவுல இருக்கற உங்க தூதரகம் என்ன சொல்லுதுன்னு பாருங்க, அப்புறம் லாலிபெலாவுலயே இருக்கற ஒரு ஹோட்டலுக்கோ கைடுக்கோ மெசேஜ் போட்டு இந்த வாரம் நிலைமை எப்படின்னு கேளுங்க. மூணும் சரின்னா மட்டும் போங்க. உங்க டிராவல் இன்சூரன்ஸ் அந்தப் பகுதியை ஏத்துக்குதான்னு பாலிசியில படிச்சுக்கோங்க, அரசாங்கம் போகாதன்னு சொன்ன இடத்துக்குப் போனா நிறைய கம்பெனி பணம் தராது. நிலைமை சரியில்லன்னா தள்ளிப் போடுங்க, சர்ச்சு அங்கயேதான் இருக்கும்.

எந்த மாசம்

ஜூன்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் மழை, ஜூலை ஆகஸ்ட்ல நல்லா கொட்டும், பாறை எல்லாம் வழுக்கும், மலை ஏறற பிளான் எதுவும் நடக்காது. அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் நல்ல காலம். அதுலயும் மழை முடிஞ்ச கையோட அக்டோபர்ல போனா மலை முழுக்க பச்சையா இருக்கும், கூட்டமும் குறைவு.

திருவிழாவுக்குப் போகணும்னா அது வேற கணக்கு. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்துமஸ் ஜனவரி 7, அதுக்குப் பேரு கென்னா. நாடு முழுக்க இருந்து யாத்திரைக்காரங்க வருவாங்க, சில பேர் நாள்கணக்கா நடந்தே வருவாங்க, மலைச்சரிவு எல்லாம் வெள்ளைத் துணியா தெரியும். அன்னிக்குக் காலையில பெதே மரியம் சர்ச்சுல நடக்கற பெசா குலு பாட்டு இருக்கு பாருங்க, பாதிரியார்கள் ஒரு கூட்டம் மேல பள்ளத்தோட விளிம்புல வரிசையா நிப்பாங்க, இன்னொரு கூட்டம் கீழ முற்றத்துல நிக்கும், மேல இருந்து கீழயும் கீழ இருந்து மேலயும் மாத்தி மாத்தி பாடிக்கிட்டே மெதுவா அசைவாங்க, நடுவுல பெரிய முரசு, அதுக்குப் பேரு கெபெரோ, கையில கிலுக்கு மாதிரி சத்தம் வர்ற த்சனாட்சில். இதைப் பாக்கணும்னா பல மாசம் முன்னாடியே ரூம் போடணும், விலை பல மடங்கு ஏறியிருக்கும், நெரிசல்ல நின்னு நிதானமா எந்த சர்ச்சையும் பாக்க முடியாது. ஜனவரி 19ல திம்கத், அதாவது இயேசு ஞானஸ்நானம் வாங்கின நாள், லீப் வருஷம்னா ஒரு நாள் தள்ளி வரலாம், அதுவும் பெரிய விழா, கென்னா அளவுக்கு நெருக்கடி இருக்காது. முதல் தடவை போறவங்களுக்கு நான் சொல்றது, திருவிழா இல்லாத சாதாரண வாரத்துல போங்க, ஒரு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா உள்ள வர்ற மாதிரி பாத்துக்கோங்க.

பேப்பர் வேலையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும்

இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும். எத்தியோப்பிய அரசோட இ-விசா தளத்துல ஆன்லைன்லயே போடலாம், அதே மாதிரி பேரு வச்சு கூடுதல் காசு புடுங்கற தளங்களும் இருக்கு, அட்ரஸை நல்லா பாத்துட்டு போடுங்க.

இதை விட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி, நிறைய பேர் கோட்டை விடறது இங்கதான். எத்தியோப்பியா போயிட்டு இந்தியாவுக்குள்ள திரும்பி வரும்போது அந்த ஊசி போட்ட சர்ட்டிஃபிகேட் இல்லன்னா 6 நாள் வரைக்கும் தனிமைப்படுத்தி வைக்கலாம். ஊசி போட்டு 10 நாள் ஆனாதான் சர்ட்டிஃபிகேட் செல்லும், அதனால கடைசி வாரத்துல ஓடிப் பிரயோஜனம் இல்ல. எல்லா ஆஸ்பத்திரியிலயும் இது போட மாட்டாங்க, அரசு அங்கீகரிச்ச மையம் மட்டும்தான், சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டும் துறைமுக சுகாதார அலுவலகமும் இருக்கு, குறிப்பிட்ட நாள்லதான் போடுவாங்க, முன்கூட்டியே பதிவு பண்ணிட்டுப் போங்க. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். முட்டை அலர்ஜி இருக்கறவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, 60 வயசு தாண்டினவங்க டாக்டர்கிட்ட கண்டிப்பா பேசிட்டு முடிவு பண்ணுங்க. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்ல இருந்து போறவங்க உங்க நாட்டு விதி என்னன்னு தனியா பாத்துக்கோங்க.

போய்ச் சேர்றது

மும்பை, டெல்லியில இருந்து அடிஸ் அபாபாவுக்கு எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் நேரா போகுது. அடிஸ்ல ஒரு ராத்திரி தங்கிடுங்க, அந்த ஊரே 2,300 மீட்டருக்கு மேல இருக்கறதால உடம்பு உசரத்துக்குப் பழகிக்கும். அங்க இருந்து லாலிபெலாவுக்கு உள்நாட்டு ஃபிளைட்ல ஒரு மணி நேரம்தான். வெளிநாட்டுல இருந்து அதே ஏர்லைன்ஸ்ல வந்திருந்தா உள்நாட்டு டிக்கெட்ல சலுகை கொடுக்கறது வழக்கம், புக் பண்ணும்போது கேட்டுப் பாருங்க. ஃபிளைட் நேரம் மாறறதும் ரத்தாகறதும் சகஜம், அதனால லாலிபெலாவுல இருந்து திரும்பற நாளுக்கும் ஊருக்குக் கிளம்பற நாளுக்கும் நடுவுல ஒரு நாள் சும்மா விட்டு வைங்க.

ரோடு வழியா ரெண்டு நாள் பயணம், தெஸ்ஸே, வோல்டியா வழியா மலை ஏறி வரணும், ரொம்ப அழகான ரோடு, ஆனா இப்ப இருக்கற சூழ்நிலையில நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். ஏர்போர்ட் ஊருக்கு வெளிய 20 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, ஹோட்டல்ல முன்னாடியே சொல்லிட்டா வண்டி அனுப்புவாங்க.

பணம் எத்தியோப்பிய நாணயமான பிர்ல கையில வச்சுக்கோங்க, அடிஸ்லயே மாத்திட்டு வாங்க, மலை ஊர்ல ஏடிஎம்ல பணம் இருக்குமா கரண்ட் இருக்குமான்னு சொல்ல முடியாது. நெட்டும் அப்படித்தான், அதனால டிக்கெட், விசா, மேப் எல்லாத்தையும் போன்லயே இறக்கி வச்சுக்கோங்க, ஒரு பிரிண்ட்டும் எடுத்துக்கோங்க.

மணி கணக்கு, இதை மனப்பாடம் பண்ணிக்கோங்க

எத்தியோப்பியாவுல நாள் விடியக்காலை 6 மணிக்கு ஆரம்பிக்குது. நம்ம காலை 7 மணி அவங்களுக்கு 1 மணி. கைடு உங்ககிட்ட ராத்திரி 11 மணிக்கு பூசைன்னு சொன்னா அது நம்ம கணக்குக்கு விடியக்காலை 5 மணி. ஃபிளைட் டிக்கெட்ல நம்ம மணிதான் இருக்கும், ஆனா ஊர்க்காரங்க வாயில சொல்ற எந்த நேரத்துக்கும், நம்ம மணியா உங்க மணியான்னு ஒரு தடவை கேட்டுடுங்க. காலண்டரும் வேற, 13 மாசம், வருஷக் கணக்கு நம்மளை விட 7, 8 வருஷம் பின்னாடி, புது வருஷம் செப்டம்பர்ல. ரூம் புக் பண்ணும்போது தேதி ரெண்டு பக்கமும் ஒண்ணுதானான்னு உறுதி பண்ணிக்கோங்க.

கைடு, டிக்கெட், உடுப்பு

டிக்கெட் ஆபீஸ் பெதே மெதானே அலெம் சர்ச்சு பக்கத்துல இருக்கு. வெளிநாட்டுக்காரங்களுக்கு ரொம்ப வருஷமா 50 டாலர் இருந்துச்சு, அதுக்கப்புறம் ஏத்தியிருக்கலாம்னு வச்சுக்கிட்டு கூடவே பணம் எடுத்துட்டுப் போங்க. ஒரே டிக்கெட்ல 11 சர்ச்சும் அடக்கம், சில நாளைக்குச் செல்லும், வாசலுக்கு வாசல் காட்டச் சொல்வாங்க, அதனால பத்திரம். பாஸ்போர்ட்டும் கொண்டு போங்க.

கைடு கண்டிப்பா வைங்க. வழி தெரியாதுங்கறதுக்காக மட்டும் சொல்லல, ஒவ்வொரு சர்ச்சுலயும் பாதிரியார்கிட்ட அம்ஹாரிக்ல பேசி உள்ள விட வைக்கறது, பூசை நேரத்துல எங்க நிக்கணும்னு காட்டறது, சிலுவையை எடுத்துக் காட்டச் சொல்றது எல்லாமே அவங்கதான். லைசென்ஸ் அட்டை இருக்கற உள்ளூர் கைடா பாத்து, ஒரு நாளைக்கு எவ்வளவுன்னு முன்னாடியே பேசிக்கோங்க. கடந்த சில வருஷமா அவங்க பட்ட கஷ்டத்துக்கு அதிகமா பேரம் பேச வேணாம்னு என் அபிப்ராயம்.

உடுப்பு விஷயத்துல தோளும் முழங்காலும் மூடியிருக்கணும், பொண்ணுங்க தலையில போட ஒரு துணி வச்சுக்கோங்க. அங்கயே நெதெலான்னு மெல்லிசான வெள்ளைப் பருத்தித் துணி விப்பாங்க, ஒண்ணு வாங்கிப் போத்திக்கிட்டா குளிருக்கும் ஆச்சு, மரியாதையும் ஆச்சு. ஒவ்வொரு சர்ச்சு வாசல்லயும் செருப்பு ஷூ கழட்டணும், அதனால லேஸ் கட்டற பூட்ஸ் வேணாம், சட்டுன்னு கழட்டி மாட்டற மாதிரி, ஆனா அடிப்பாகம் வழுக்காததா போட்டுக்கோங்க. தடியான சாக்ஸ் ரெண்டு ஜோடி கொண்டு போங்க, உள்ள விரிச்சிருக்கற பழைய கம்பளத்துல தெள்ளுப்பூச்சி இருக்கும், சாக்ஸுக்கு மேலயும் பேன்ட் ஓரத்துலயும் பூச்சி மருந்து அடிச்சிக்கிட்டா ராத்திரி சொறியாம தூங்கலாம். ஷூவைப் பாத்துக்கறதுக்குன்னே ஆள் இருப்பாங்க, அவங்களுக்கு கொஞ்சம் சில்லறை கொடுங்க. ஒரு சின்ன டார்ச், தண்ணி பாட்டில், காலையிலயும் ராத்திரியும் போட ஸ்வெட்டர், இவ்வளவு போதும்.

கதையைத் தெரிஞ்சுக்கிட்டு உள்ள போங்க

சாக்வே வம்சத்து ராஜா லாலிபெலா, 12ஆம் நூற்றாண்டு கடைசியிலயும் 13ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துலயும் ஆண்டவர், ஊருக்கு முன்னாடி ரோஹான்னு பேரு, பின்னாடிதான் ராஜா பேரே ஊருக்கு வந்துச்சு. 1187ல ஜெருசலேம் முஸ்லிம் சுல்தான் சலாதீன் கைக்குப் போச்சு, அங்க யாத்திரை போறது சிரமமாச்சு, அதனால இங்கயே ஒரு ஜெருசலேமை உண்டாக்குனாருன்னு சொல்றாங்க. ஊருக்கு நடுவுல வெட்டியிருக்கற ஓடைக்கு யோர்தானோஸ்னு பேரு, அதாவது யோர்தான் நதி, ஒரு சர்ச்சுக்கு இயேசுவை சிலுவையில அறைஞ்ச இடமான கொல்கொத்தா பேரு, ஒரு இடத்துக்கு அவர் பொறந்த பெத்லகேம் பேரு. பகல்ல மனுஷங்க வெட்டினாங்க, ராத்திரி தேவதூதர்கள் வந்து வேலையைத் தொடர்ந்தாங்கன்னு ஊர்ல இன்னிக்கும் சொல்வாங்க, அவங்க சொல்லும்போது அமைதியா கேளுங்க, அங்க கும்புட வர்றவங்களுக்கு அது சத்தியம்.

ஆராய்ச்சிக்காரங்க வேற மாதிரி பாக்கறாங்க. டேவிட் பிலிப்சன்ங்கற தொல்லியல் அறிஞர், எல்லாமே ஒரே ராஜா காலத்துல வெட்டினது கிடையாது, சிலது அதுக்கு பல நூற்றாண்டு முன்னாடியே கோட்டையாவோ அரண்மனையாவோ வெட்டி பின்னாடி சர்ச்சா மாறியிருக்கணும்னு சொல்றாரு. எனக்கு இந்தக் கணக்கு நம்பற மாதிரி இருக்கு, அந்த இடத்துல நின்னு பாத்தா உங்களுக்கும் தோணும், அதனாலதான் கீழ இருக்கற வரிசையில கோட்டை மாதிரி இருக்கற சர்ச்சு உள்ள தென்கிழக்குக் கூட்டத்தை முதல்ல வச்சிருக்கேன் (சர்ச்சுகள் வடக்கு, தென்கிழக்குன்னு ரெண்டு கூட்டமாவும், ஒண்ணு மட்டும் தனியாவும் இருக்கு), பொதுவா கைடுங்க வடக்குல ஆரம்பிப்பாங்க.

பாறை எரிமலைப் பாறை, கொஞ்சம் மெத்துன்னு இருக்கும், வெட்ட வரும். முதல்ல சுத்தி நாலு பக்கமும் ஆழமா அகழி மாதிரி தோண்டி நடுவுல ஒரு பெரிய பாறைக் கட்டியைத் தனியா நிக்க விடறது, அப்புறம் அதை மேல இருந்து கீழ செதுக்கி, உள்ளயும் குடைஞ்சுகிட்டே போறது. ஒரு தூணை அதிகமா வெட்டிட்டா திரும்ப ஒட்ட வைக்க முடியாது, அதனால கடைசி வடிவம் முழுசும் முதல் நாளே தலைமைச் சிற்பி மனசுல இருந்திருக்கணும். சர்ச்சைப் பாக்கற மாதிரியே அந்த அகழியையும் பாருங்க, மழைத்தண்ணி வழிஞ்சு ஓட சரிவு வச்ச கால்வாய், ஒரு முற்றத்துல இருந்து இன்னொண்ணுக்குப் போற சுரங்கம், சுவருல துறவிங்க தங்க குடைஞ்ச பொந்து, எல்லாமே ஒரே திட்டத்தோட சேந்தது.

முதல் நாள் மத்தியானம்: தென்கிழக்குக் கூட்டம்

பொதுவா காலை 8ல இருந்து 12 வரை, அப்புறம் 2ல இருந்து சாயங்காலம் 5, 5.30 வரை திறந்திருக்கும். மத்தியானம் சாப்பிட்டு 2 மணிக்குப் போங்க.

பெதே கேப்ரியல் ருஃபாயெல்ல ஆரம்பிங்க. உசரமான முகப்பு, கீழ ஆழமான பள்ளம், ஒரு ஒடுங்கின பாதை வழியா உள்ள போகணும், பாத்தா சர்ச்சை விட கோட்டை மாதிரிதான் இருக்கும், பிலிப்சன் சொல்றது இங்க புரியும். அங்க இருந்து பெதே மெர்கோரியோஸ் பக்கம் போக ஒரு இருட்டு சுரங்கம் இருக்கு, துளி வெளிச்சம் கிடையாது, யாத்திரைக்காரங்க அதை நரகத்தைக் கடக்கற வழியா நினைச்சு வெளக்கு இல்லாம நடப்பாங்க. கைடும் டார்ச் வேணாம்னு சொல்வாரு, ஒரு கை சுவருல, இன்னொரு கை தலைக்கு மேல வச்சிக்கிட்டு மெதுவா நடங்க, உசரமா இருக்கறவங்க கண்டிப்பா குனியணும். இருட்டுன்னா பயம், மூட்டு வலி, மூச்சு முட்டற பிரச்சனை இருக்கறவங்க டார்ச் அடிச்சுக்கலாம், இல்லன்னா வெளி வழியா போயிடலாம், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க.

மெர்கோரியோஸ்ல ஒரு பகுதி இடிஞ்சிருக்கு. கால்விலங்கு கிடைச்சதால இது நீதிமன்றமாவோ சிறையாவோ இருந்திருக்கலாம்னு ஒரு கருத்து இருக்கு. அடுத்து பெதே அமானுவேல், இங்க நிதானமா நில்லுங்க. வெளிச்சுவர் முழுக்க உள்ள ஒரு பட்டை வெளிய ஒரு பட்டைன்னு கிடைமட்டமா செதுக்கியிருப்பாங்க, பழைய அக்சும் ராஜ்யத்துக் காலத்துல மரக்கட்டையும் கல்லும் மாத்தி மாத்தி அடுக்கிக் கட்டின கட்டடம் எப்படி இருக்குமோ அதை அப்படியே ஒத்தைப் பாறையில கொண்டு வந்திருக்காங்க, மரமே இல்லாத இடத்துல மரம் இருக்கற மாதிரி. வேலைப்பாட்டுல பதினொண்ணுலயும் எனக்குப் பிடிச்சது இதுதான்.

கடைசியா பெதே அப்பா லிபானோஸ். நாலு பக்கச் சுவரும் பாறையில இருந்து பிரிஞ்சிருக்கும், கூரை மட்டும் மேல இருக்கற மலையோட ஒட்டியே இருக்கும். ராஜா இறந்த பிறகு ராணி மெஸ்கெல் கெப்ரா அவர் நினைவா தேவதூதர்கள் துணையோட ஒரே ராத்திரியில செஞ்சதுன்னு சொல்வாங்க. இருட்டறதுக்குள்ள ரூமுக்குப் போய் சீக்கிரம் படுத்துடுங்க.

ரெண்டாம் நாள் விடியக்காலை: பூசை

இந்தப் பயணத்துலயே முக்கியமான நேரம். 5, 5.30க்கெல்லாம் வடக்குக் கூட்டத்துக்கு வந்துடுங்க, ஞாயிறுன்னா இன்னும் முன்னாடியே. எந்த சர்ச்சுல அன்னிக்கு விசேஷம்னு கைடு முந்தின நாளே கேட்டு வச்சிருப்பாரு. கும்மிருட்டுல எங்கிருந்தோ கீழ இருந்து பாட்டுச் சத்தம் வரும், கீயெஸ் மொழியில, இப்ப யாரும் வீட்ல பேசாத பழைய மொழி, பூசைக்கு மட்டும் வாழுது. மணிக்கணக்கா நிக்கறதால பாதிரியார்கள் கக்கத்துல ஊனிக்க நீளமான தடி வச்சிருப்பாங்க, அந்தத் தடியை மேலயும் கீழயும் அசைச்சுக்கிட்டே பாடுவாங்க. ஜனங்கள்ல நிறைய பேர் உள்ள போகாம முற்றத்துலயே நின்னு கும்புடுவாங்க, நீங்களும் அவங்க கூட ஓரமா நில்லுங்க, ஆம்பளைங்க பொம்பளைங்க தனித்தனி வாசல்ங்கறதால யார் எந்தப் பக்கம்னு பாத்துக்கோங்க.

போன் பைக்குள்ள இருக்கட்டும். கும்புடறவங்க மூஞ்சிக்கு நேரா கேமராவை நீட்டறது எந்த ஊர்லயும் தப்பு. படம் எடுத்தே ஆகணும்னா கைடு மூலமா கேட்டு, தூரத்துல இருந்து, ஃபிளாஷ் இல்லாம எடுங்க. உள்ள திரை போட்டு மறைச்சிருக்கற பகுதி மக்தஸ், அங்கதான் தாபோத் இருக்கும், பைபிள்ல பத்துக் கட்டளைப் பலகையை வச்சிருந்ததா சொல்ற உடன்படிக்கைப் பெட்டியோட பிரதி, எத்தியோப்பிய சர்ச்சு ஒவ்வொண்ணுலயும் இருக்கு, பாதிரியார் தவிர யாரும் அங்க போகக் கூடாது. திரைக்குப் பக்கத்துல கூட போகாதீங்க.

அதே நாள் காலை: வடக்குக் கூட்டம்

காலை டிபன் முடிச்சுட்டு 8 மணிக்கு மறுபடி வாங்க. பெதே மெதானே அலெம், உலக இரட்சகர் சர்ச்சு, இந்த மாதிரி ஒத்தைப் பாறையில செஞ்ச சர்ச்சுகள்ல ரொம்பப் பெருசு, நீளம் சுமார் 33 மீட்டர், அகலம் 23, உசரம் 11. வெளிய சுத்தி வரிசையா தூண், உள்ளயும் தூண் காடு. உள்ள ஒரு மூலையில பைபிள்ல வர்ற முன்னோர்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபுக்குன்னு மூணு வெறும் கல்லறை வெட்டி வச்சிருக்காங்க. பாதிரியார்கிட்ட கேட்டா லாலிபெலா சிலுவையைக் காட்டுவாரு, 7 கிலோ எடை, 1997ல திருடு போய் பெல்ஜியத்துல ஒருத்தர்கிட்ட இருந்து மீட்டு ஊருக்குத் திரும்ப வந்த சிலுவை அது. திரும்பி வந்த அன்னிக்கு ஊரே திரண்டு நின்னுச்சாம், யாத்திரைக்காரங்க அதைத் தொட்டு நெத்தியில வச்சுக்கறதைப் பாத்தா அது ஏன்னு புரியும்.

பக்கத்துல பெதே மரியம். அளவுல சின்னது, ஆனா ஜனங்களுக்கு ரொம்ப நெருக்கமான இடம். வாசல் மேல குதிரைக்காரங்களைச் செதுக்கின சிற்பம், உள்ள மேல் கூரையிலயும் வளைவுகள்லயும் மங்கிப்போன வண்ணத்துல பறவை, மிருகம், பைபிள் காட்சி. நடுவுல ஒரு தூணு முழுக்கத் துணி சுத்தி மூடியிருக்கும், உலகத்தோட ஆரம்பமும் முடிவும் அதுல எழுதியிருக்குன்னு நம்பிக்கை, யாரும் திறக்கறது இல்ல. முற்றத்துல பச்சைத் தண்ணியோட ஆழமான குளம் ஒண்ணு, குழந்தை வரம் வேண்டி வர்ற பொண்ணுங்களை கயிறு கட்டி அதுல இறக்கற வழக்கம் இருக்கு. அதே முற்றத்துச் சுவருலயே குடைஞ்ச பெதே மெஸ்கெல், எதிர்ப்பக்கம் பெதே தெனாகெல், ரெண்டும் சின்னதுதான், சீக்கிரம் பாத்துடலாம்.

அப்புறம் பெதே மிக்காயேலும் கொல்கொத்தாவும் ஒட்டியிருக்கற இரட்டை சர்ச்சு. கொல்கொத்தாவுக்குள்ள பொண்ணுங்களுக்கு அனுமதி இல்ல, மிக்காயேல் வரைக்கும் போகலாம். உள்ள சுவருல ஆள் உசரத்துக்குப் புனிதர்கள் சிற்பம், ராஜா லாலிபெலாவோட கல்லறை இங்கதான்னு சொல்றாங்க. பொண்ணுங்க இதைத் தவற விடறது எனக்கு வருத்தம்தான், ஆனா வாசல்ல நின்னு வாக்குவாதம் பண்றதுல பிரயோஜனம் இல்ல, அங்க இருக்கற பாதிரியார் அந்த விதியைப் போட்டவரும் இல்ல.

மேல பெரிய கூரைப் பந்தல் நிக்கறதைப் பாப்பீங்க. மழையில பாறை கரையுது, விரிசல் விடுதுன்னு ஐரோப்பிய ஒன்றியப் பணத்துல 2008 வாக்குல போட்டது, தற்காலிகம்னுதான் சொன்னாங்க. அப்புறம் அந்தத் தூண்களோட பாரமே பாறைக்கு ஆபத்துன்னு ஊர் ஜனங்க எடுக்கச் சொல்லிக் கேட்டுகிட்டு இருந்தாங்க, 2019ல பிரான்ஸ் அதிபர் மக்ரோன் வந்து பாத்துட்டு பராமரிப்புக்கு உதவறதா சொன்னாரு. நம்ம பங்குக்கு செய்யக் கூடியது ஒண்ணு இருக்கு, சிற்பத்தைத் தடவாதீங்க, விளிம்புல ஏறி நிக்காதீங்க, சுவரோவியத்துக்கு ஃபிளாஷ் அடிக்காதீங்க.

சாயங்காலம்: பெதே கியோர்கிஸ்

ரெண்டு கூட்டத்துக்கும் சேராம தனியா நிக்கற சர்ச்சு, நீங்க படத்துல பாத்தது இதுதான். 4 மணி வாக்குல போங்க, வெயில் சாய்ஞ்சு பாறையோட செவப்பு நல்லாத் தெரியும். மேல இருந்து பாத்தா தரையில பெரிய சதுரப் பள்ளம், நடுவுல சிலுவை வடிவத்துல கூரை, ஒண்ணுக்குள்ள ஒண்ணா மூணு சிலுவை செதுக்கியிருக்கு. கிட்டத்தட்ட நாலு மாடி ஆழம். விளிம்புல வேலி கிடையாது, குழந்தைங்க கையைப் பிடிச்சுக்கோங்க, செல்ஃபிக்காகப் பின்னாடி நகராதீங்க.

எல்லா சர்ச்சும் முடிஞ்ச பிறகு புனித ஜார்ஜ் குதிரையில வந்து எனக்கு ஒண்ணும் இல்லையான்னு ராஜாகிட்ட கேட்டாராம், ராஜா எல்லாத்தையும் விட அழகா ஒண்ணு செய்யறேன்னு இதைச் செஞ்சாராம், குதிரைக் குளம்பு பதிஞ்ச தடம்னு பாறையில காட்டுவாங்க. சுரங்கப் பாதை வழியா கீழ இறங்கி ஒரு சுத்து வாங்க, சுவர்ப் பொந்துல பழைய காலத்து யாத்திரைக்காரங்களோட காஞ்சு போன உடல்கள் இருக்கும், சின்னப் பிள்ளைங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைங்க. பந்தல் இல்லாததால இங்கதான் சர்ச்சும் வானமும் சேந்து தெரியும். 1520கள்ல வந்த போர்ச்சுகீசியப் பாதிரியார் ஃபிரான்சிஸ்கோ ஆல்வாரஸ், இந்த ஊரைப் பத்தி இதுக்கு மேல எழுதினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு எழுதிட்டுப் போனாரு.

மூணாம் நாள் இருந்தா

ரெண்டுல ஒண்ணு தேர்ந்தெடுங்க. மலை ஏறப் பிடிக்கும்னா அஷெத்தன் மரியம், 3,000 மீட்டருக்கு மேல பாறையில குடைஞ்ச மடம், ஏற ரெண்டு மூணு மணி நேரம், கோவேறு கழுதை வாடகைக்குக் கிடைக்கும். இல்லன்னா வண்டி எடுத்து யெம்ரெஹன்னா கிறிஸ்தோஸ் சர்ச்சு, இது வெட்டுனது இல்ல, ஒரு பெரிய குகைக்குள்ள மரமும் கல்லும் வெள்ளைச் சாந்தும் பட்டை பட்டையா வச்சுக் கட்டினது, லாலிபெலாவுக்கு முன்னாடி ஆண்ட ராஜா பேர்ல இருக்கு. அமானுவேல் சுவர் எதைப் பாத்து செஞ்சதுன்னு இங்க வந்தா கண் முன்னாடி தெரியும், அதனால என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா ஊரை விட்டு வெளிய போறதால அன்னிக்குக் காலையில ரோடு நிலைமை கேட்டுட்டுக் கிளம்புங்க. ரெண்டுக்கும் நேரம் இல்லன்னா ஏர்போர்ட் போற பக்கம் நாகுதோ லாப்னு ஒரு குகை சர்ச்சு இருக்கு, குகைக் கூரையில இருந்து சொட்டற தண்ணியைக் கல் தொட்டியில பிடிச்சு தீர்த்தமா வச்சிருப்பாங்க.

சாப்பாடு

சைவக்காரங்க கவலையே பட வேணாம். ஆர்த்தடாக்ஸ் காரங்க புதன், வெள்ளி ரெண்டு நாளும் நோன்பு, அது தவிர ஈஸ்டருக்கு முன்னாடி நீண்ட நோன்பு, அப்பல்லாம் கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. த்சோம் பெயாய்நெதுன்னு கேளுங்க, ஒரு பெரிய தட்டு நிறைய இன்ஜெரா விரிச்சு, மேல பருப்பு, கீரை, பீட்ரூட், முட்டைக்கோஸ்னு வட்டமா வச்சுத் தருவாங்க. இன்ஜெரா தெஃப்ங்கற சின்ன தானியத்துல மாவு புளிக்க வச்சு ஊத்தறது, நல்லா புளிச்ச ஆப்பம் மாதிரி துளைத் துளையா இருக்கும். ஷிரோன்னு கடலை மாவுல காரமா ஒரு குழம்பு, நம்ம நாக்குக்கு நல்லா ஒத்துப் போகும். வலது கையாலதான் சாப்பிடணும். காபிச் சடங்குக்கு யாராவது கூப்பிட்டா மூணு சுத்து குடிச்சிட்டுத்தான் எழுந்திருக்கணும், நேரம் ஒதுக்கிட்டு உக்காருங்க.

ரோட்டுல பசங்க கூட நடந்து வந்து பேசுவாங்க, பள்ளிக்கூட நோட்டு, புத்தகம் வாங்கித் தரச் சொல்வாங்க, வாங்கினது சில சமயம் திரும்பக் கடைக்கே போகும். உதவணும்னா பள்ளிக்கூடத்துக்கோ சர்ச்சுக்கோ நேரா கொடுங்க.

வாங்கறது

புதுசா செஞ்ச சிலுவை, மரத்துல வரைஞ்ச படம், நெதெலா, உள்ளூர் தேன், இதெல்லாம் தாராளமா வாங்குங்க, அந்தக் காசு நேரா ஊருக்குள்ள போகுது. பழசுன்னு சொல்லி யாராவது தோல் ஏட்டுச் சுவடியோ கறுத்துப் போன சிலுவையோ காட்டினா வாங்காதீங்க, நிஜமாவே பழசுன்னா அது ஏதோ ஒரு சர்ச்சுல இருந்து போனதா இருக்கும், ஏர்போர்ட்லயும் புடுங்கிடுவாங்க. புதுசுதான்னு தெரிஞ்சாலும் பாக்க பழைய மாதிரி இருந்தா கடைக்காரர்கிட்ட பில்லு எழுதி வாங்கி பெட்டி மேலாப்புல வைங்க, அடிஸ்ல செக் பண்ணும்போது பெட்டியைக் கொட்டிக் கவுக்க வேண்டி வராது.